சேறு செய்யும் சேவை



கல்கத்தா மாநகரின் சாக்கடை நீர் எங்கே போகிறது? 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசின் பொறியாளராகப் பணியாற்றிய துருவஜோதி கோஷ் இந்த எளிய கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டார். நாளொன்றுக்குப் பல கோடி லிட்டர் கழிவுநீர் அந்நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிறது. நகரின் பெரும்பகுதிக்கு அன்று இயந்திரங்களைக் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. அப்படியானால் இத்தனை நீரையும் தூய்மைப்படுத்துவது யார்?

கழிவுநீர் சென்ற கால்வாயின் வழியிலேயே கோஷும் சென்றார். அங்கே அவர் கண்டவை மீன் குளங்கள்! வங்க மக்கள் 'பேரி' என்று அழைக்கும் அகன்ற குளங்கள் 250க்கும் மேல். முழங்கால் அளவிலிருந்து மார்பளவு வரைதான் ஆழம். கரையோரங்களில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. மீனவர்கள் கால்வாயின் மடையைத் திறந்து, நகரின் சாக்கடை நீரை அளந்து அளந்து குளத்தில் விட்டு, அதிலே ரோகு, கட்லா, மிர்கால் முதலிய மீன்களை வளர்த்து வந்தனர். குளத்திலிருந்து வெளியேறிய நீர் நெல் வயல்களுக்குப் பாய்ந்தது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2002ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவில் மீன் தரும் பண்ணை என்றும் இதனைக் கூறுவர்.

'அழுக்கு அடியில் தங்கிவிடும், தெளிந்த நீர் மேலே நிற்கும். இதில் என்ன வியப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் நீரோடு நீராகக் கரைந்துவிட்ட ஒன்றை எப்படி வடிகட்டுவது? அது படியவும் படியாது, துணியில் தங்கவும் தங்காது. அத்தகைய பொருள்களுள் முதன்மையானது நைட்ரஜன்.

தொட்டிலுக்கு வரும் தீங்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். வாயுவாக இருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தில் அது அடங்கியிருக்கிறது. நாம் உண்ட புரதத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் யூரியாவாக வெளியேறுகிறது. யூரியா சிதைந்தால் அம்மோனியா. கழுவாது விட்ட கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதனுடையதுதான்.

அம்மோனியா மீனுக்கு நஞ்சு. பள்ளிவாசல் ஹவ்ளில் மீன்கள் நீந்துவதைச் சிறுவயதில் குனிந்து பார்த்திராதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். அந்த மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றுகின்றன. ஆயினும் அவை அதிலேயே உயிர் வாழ்கின்றனவே, எப்படி? சுவரிலும் தரையிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. புதிதாகக் கட்டிய கண்ணாடித் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன்களை விட்டவர்கள், சில நாட்களில் அவை செத்து மிதப்பதைக் கண்டிருக்கலாம். அந்த வழவழப்பு அங்கே இன்னும் உருவாகியிருக்காது.

நைட்ரேட் மீன்களை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. அதனால் வரும் தீங்கு நம் குழந்தைகளுக்கு. மண்ணின் களித்துகள்கள் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்க அவற்றால் இயலாது. எனவே மலக்குழியிலிருந்தும் எருக்குவியலிலிருந்தும் உரமிட்ட வயலிலிருந்தும் அது நீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாடிபோல் தெளிந்த கிணற்று நீரிலும் அது அளவுக்கு மீறி இருக்கலாம்.

1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் கலந்த புட்டிப்பால் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதைக் கண்டு எழுதினார். பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே தங்கும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகிறது. அது இரத்தத்தில் கலந்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இந்நோய்க்கு 'நீலக் குழந்தை நோய்' என்றே பெயர். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு.

தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. மாறாக, நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். கிணற்று நீரை நம்பியிருக்கும் இல்லங்களில் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் நிலை வந்தால், அந்த நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நன்று. தாய்ப்பால் ஒன்றையே குடிக்கும் குழந்தைக்கு இக்கவலை இல்லை.

ஒருவருக்குக் காற்று, மற்றவருக்குச் சேறு

கரைந்து கிடக்கும் இந்த நைட்ரஜனை மீண்டும் காற்றாக்கி வானில் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதைத்தான் சேறு செய்கிறது.

இப்பணியில் இருவகைத் தொழிலாளர்கள் உண்டு. முதல் வகையினர் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள். ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராத்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அம்மோனியாவை எரித்து அந்த ஆற்றலில் வாழ்பவை இவை. எனவே இவற்றுக்கு உயிர்வளி ஏராளமாக வேண்டும். அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராமுக்கும் சற்று மேலாக உயிர்வளி செலவாகிறது. இரண்டு படிகளையும் வெவ்வேறு இனங்கள்தாம் செய்கின்றன என்று நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் கூறி வந்தன. இரண்டையும் தனியொருவராகச் செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டென்று 2015இல் கண்டறிந்தனர். பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று!

இரண்டாம் வகையினர் நேர் எதிரான குணமுடையவர்கள். உயிர்வளி கிடைத்தால் நம்மைப் போல் அதனையே சுவாசிப்பார்கள். அது கிடைக்காத இருண்ட சேற்றில் நைட்ரேட்டிலுள்ள உயிர்வளியைப் பறித்துக்கொண்டு பிழைப்பார்கள். உயிர்வளியை இழந்த நைட்ரஜன், வாயுக் குமிழாக மேலேறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. குழந்தையின் வயிற்றில் தீங்கு செய்த அதே முதற்படிதான் இங்கும் நடக்கிறது. அங்கே நைட்ரைட்டோடு நின்றுவிட்டதால் நஞ்சாயிற்று. இங்கே கடைசிப் படிவரை செல்வதால் வெறுங்காற்றாகிறது.

ஆக, ஒருவருக்குக் காற்று வேண்டும்; மற்றவருக்குக் காற்றே ஆகாது. முதலாமவர் செய்து தரும் பொருளில்தான் இரண்டாமவரின் பிழைப்பு. காற்றுள்ள இடமும் காற்றில்லாத இடமும் மயிரிழை தூரத்தில் அருகருகே அமைந்தால்தான் வேலை நடக்கும். கற்காரைத் தொட்டிகளில் இதனைச் செய்ய விரும்பினால், ஒரு தொட்டியில் மின்சாரத்தால் காற்றை ஊத வேண்டும். மற்றொன்றில் காற்றை நிறுத்த வேண்டும். நீரை இரண்டுக்கும் மாறி மாறிச் செலுத்த வேண்டும். சதுப்பு நிலத்தில் இந்த ஏற்பாடு செலவின்றிக் கிடைக்கிறது. நீரடியில் கிடக்கும் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழம் வரைதான் காற்றுப்படும். அதற்குக் கீழே காற்றில்லா உலகம்.

நெல் விளைவிக்கும் வாசகர்களுக்கு இது வேறொரு பக்கத்திலிருந்து தெரிந்த செய்தி. தேங்கிய நீரில் யூரியாவைத் தூவினால் பயிருக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதி இவ்வழியே காற்றில் போய்விடுகிறது. வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து இடுங்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதும், 2015 முதல் இந்தியாவில் விற்கும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானதும் இதற்காகவே. வேம்பு அந்த முதல் வகைத் தொழிலாளியின் கையைக் கட்டிப்போடுகிறது. வயலில் எது நட்டமோ அதுவே சதுப்பில் இலாபம்!

கோரையும் நாணலும் எதற்கு?

வேலையெல்லாம் நுண்ணுயிர்களே செய்யுமானால் செடிகள் எதற்கு என்ற கேள்வி எழும். செடிகள் வேரின் வழியே நைட்ரஜனை உறிஞ்சி வளர்கின்றன என்பது நாமறிந்ததே. ஆனால் சாக்கடை நீர் மிகுதியாக வரும் இடங்களில் செடிகள் இவ்வாறு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பத்திலொரு பங்கை ஒட்டியே அமைகிறது. அதையும் காலத்தில் அறுத்து அகற்றாவிட்டால், இலை அழுகி எடுத்ததை நீரிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். 'இச்செடி நட்டால் சாக்கடை பன்னீராகும்' என்று விளம்பரம் செய்பவர்கள் இதனைச் சொல்வதில்லை.

செடியின் பெருந்தொண்டு வேறு. கோரைத் தண்டையோ சம்புத் தண்டையோ குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கடற்பஞ்சுபோல் நுண்ணிய காற்றறைகள் தெரியும். தாமரைக் கிழங்கை அரிந்தவர்கள் அதிலுள்ள துளைகளை அறிவார்கள். இலையிலிருந்து வேர் நுனிவரை செல்லும் காற்றுக் குழாய்கள் அவை. 1980இல் ஜான் டேசி என்னும் ஆய்வாளர் மஞ்சள் அல்லியில் ஒரு புதுமையைக் கண்டார். இளம் இலைகளின் வழியே காற்று உள்ளே சென்று, தண்டிறங்கி, சேற்றில் புதைந்த கிழங்கைக் கடந்து, முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. குளத்தில் அசையாமல் மிதக்கும் அல்லிக்குள்ளே ஓயாத காற்றோட்டம்!

இப்படி இறங்கும் காற்றில் சிறிது வேரிலிருந்து கசிந்து சேற்றில் பரவுகிறது. அதற்கான சான்றை நீங்களே காணலாம். வயலிலிருந்து ஒரு நெற்பயிரைப் பிடுங்கி அலசினால், கரிய சேற்றிலிருந்து வரும் வேர் செம்பழுப்பாக இருக்கும். வேரிலிருந்து கசிந்த உயிர்வளியில் சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம் அது. ஒவ்வொரு வேரையும் சுற்றி மெல்லிய உறைபோல் காற்றுள்ள மண். அதற்கு அப்பால் காற்றில்லாத சேறு. இருவகைத் தொழிலாளர்களும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள். உதிர்ந்து மட்கும் இலைகளோ இரண்டாம் வகையினருக்கு உணவாகின்றன. நைட்ரேட்டைச் சுவாசித்தால் மட்டும் போதுமா, வயிற்றுக்கும் வேண்டுமல்லவா?

ஜெர்மனியின் கேத்தே சைடல் என்னும் தாவரவியல் அம்மையார் 1950களில் கோரைச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கினார். செடி தூய்மையான நீரில் வாழ வேண்டியது, சாக்கடையில் நடலாமா என்று எண்ணிய காலம் அது. இன்று பல நாடுகளில் சரளைக் கற்களை நிரப்பி நாணல் நட்டு அமைக்கும் செயற்கைச் சதுப்புகளுக்கு அவருடைய சோதனைகளே வித்து.

மீண்டும் கல்கத்தாவுக்கு

2001 முதல் கொல்கத்தா என்று பெயர் பெற்ற அந்நகரின் பேரிகளில், நாணலைவிடப் பாசிக்கே வேலை அதிகம். வெயிலில் பச்சைப் பாசி பெருகி அம்மோனியாவை உண்கிறது. பாசியை மீன் உண்கிறது. மீன் சந்தைக்குப் போகிறது. நகரம் கழித்த நைட்ரஜனில் ஒரு பங்கு இவ்வாறு நகரத்தின் அடுப்புக்கே திரும்பிவிடுகிறது. பகலில் பாசி வெளியிடும் உயிர்வளியில் முதல் வகை நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. அடிச்சேற்றில் இரண்டாம் வகையினர் உழைக்கின்றனர்.

இதிலே ஓர் இக்கட்டு இருக்கிறது. உச்சி வெயிலில் பாசி மும்முரமாக வளரும்போது நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் கரைந்துள்ள அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறுகிறது. இரவிலோ அதே பாசி உயிர்வளியை உறிஞ்சத் தொடங்கிவிடும். சாக்கடை நீரைச் சற்று அதிகமாக விட்டால் விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும். குறைவாக விட்டால் மீனுக்கு உணவில்லை. எவ்வளவு விடலாம் என்பதை மீனவர்கள் நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு முடிவு செய்கின்றனர். எழுதி வைத்த சூத்திரம் எதுவும் அவர்களிடம் இருந்ததில்லை. குளிர்காலத்தில் குளத்தை வற்றவைத்து, வெயிலில் காய்ச்சி, சுண்ணாம்பு இடுகிறார்கள். பிறகு முதல் கழிவுநீரை விட்டு, அது பச்சையாகும் வரை காத்திருந்த பின்பே மீன்குஞ்சுகளை இறக்குகிறார்கள். இக்கலையை உலகுக்கு எடுத்துச் சொன்ன கோஷ் 2018இல் காலமானார். தமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் மீனவர்களும் உழவர்களுமே என்பதை அவர் இறுதிவரை மறைக்கவில்லை.

நகரம் வளர வளர இந்நிலத்தின்மீது கண் விழுந்தது. வடபகுதியின் உப்பு ஏரிகள் 1960களிலேயே தூர்க்கப்பட்டு, சால்ட் லேக் என்னும் குடியிருப்பு எழுந்துவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பொதுநல அமைப்பொன்று வழக்குத் தொடுத்து, 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் இருந்தும் ஆங்காங்கே குளங்கள் மண்மேடாகி வருகின்றன. ஒரு குளத்தைத் தூர்ப்பவர் தாம் வெறும் சேற்றை மூடுவதாகவே எண்ணுகிறார். அந்தச் சேறு செய்த வேலையை இனி மின்சாரமும் இயந்திரமும் கொண்டு செய்ய வேண்டும். அதற்கான வரியை நகர மக்கள்தாம் கட்ட வேண்டும்.

ஆனால் சேற்றால் ஆகாத காரியங்களும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் குரோமியத்தை எந்தப் பாக்டீரியாவும் காற்றாக்கி அனுப்பாது. அது சேற்றில் தங்கும், வேரில் ஏறும். கல்கத்தாவின் தோல் ஆலைகள் ஈரநிலத்தை ஒட்டிய பன்தாலாவுக்கு இடம் மாற்றப்பட்ட பிறகு, அவற்றின் நீரைத் தனியே சுத்திகரித்து விலக்கி வைப்பது அங்கே பெருங்கவலையாகிவிட்டது. மற்றொரு குறையும் உண்டு. சேற்றுப் பாக்டீரியா சில வேளைகளில் கடைசிப் படியை எட்டாமல் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவோடு நின்றுவிடும். எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது அது.

இனி, நம் வீட்டுக் கொல்லைப்புறம். சமையலறை நீர் விழும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் வைத்த நம் பாட்டிமார் நைட்ரேட்டின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் செயற்கைச் சதுப்புகளில் இன்று பொறியாளர்கள் விரும்பி நடும் செடிகளுள் கல்வாழையும் ஒன்று. நீங்கள் அமைப்பதானால் பள்ளத்தைச் சரளையால் நிரப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் முன்னதாகவே ஒரு சிறு தொட்டியில் தங்கும்படி செய்யுங்கள். இல்லையேல் சரளை அடைத்துக்கொள்ளும். நீர் சரளைக்கு மேலே தேங்கி நின்றால் கொசு வரும், அடியிலேயே ஓடட்டும். முற்றிய தண்டுகளை அவ்வப்போது அறுத்து எருக்குழியில் இடுங்கள். கிணற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாகப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.